பிழைப்பை மாற்றுமுன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

படைத்த உயிர் ஒவ்வொன்றுக்கும் உணவளித்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே புகழ் அனைத்தும் உரியது. ஹலாலான சம்பாத்தியத்தின் சிறப்பை உலகிற்கு எடுத்துரைத்த அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

இருக்கும் வேலையிலேயே இருப்பதா, அதை விட்டு வேறு வேலைக்குப் போவதா? இந்தக் கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் இஷா தொழுகைக்குப் பின் சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி எழுகிறது. கணவர் ஒன்று சொல்கிறார். மனைவி வேறொன்று சொல்கிறார். வாப்பாவும் உம்மாவும் பெருமூச்சு விடுகிறார்கள். விலைவாசி ஏறுகிறது, சம்பளம் ஏறவில்லை. முதலாளி அடுத்த மாதம் ஆள் குறைப்பாரோ என்னும் அச்சம் ஒரு பக்கம். போகும் இடம் எப்படி இருக்குமோ என்னும் கலக்கம் மறு பக்கம். "தவக்குல் வைத்து விட்டுவிடு" என்று ஒருவர் சொன்னால், "தவக்குல் வைத்து இருந்துகொள்" என்று இன்னொருவர் சொல்கிறார். இருவர் வாயிலும் ஒரே சொல்தான். அப்படியானால் மார்க்கம் காட்டும் வழி எது?

இந்தக் கேள்வி நம் பகுதிக்குப் புதிதல்ல. பொம்மையார்பாளையத்தையே பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த ஊர் அது. 1980களின் பிற்பகுதியில் தெற்கே புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைப்பட்டது. அதன் விளைவாகக் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு ஊராகக் கரை அரிக்கத் தொடங்கியது. படகை ஏற்றி வைக்கவும், வலையை விரித்துக் காய வைக்கவும் இருந்த மணற்பரப்பு சுருங்கியது. 26 டிசம்பர் 2004 அன்று ஆழிப்பேரலை வேறு வந்து போனது. கடலுக்குப் போனவரின் பிள்ளைகள் சிலர் கட்டட வேலைக்கும், சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து விடுதிகளுக்கும், சிலர் 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் பட்டறைகளுக்கும் போனார்கள். அவர்கள் நம் அண்டை வீட்டார். அவர்கள் பட்ட கவலை வேறு, நம் கவலை வேறு அல்ல.

நம் சமுதாயத்தாரின் கதையும் இதேதான். புதுச்சேரி, காரைக்கால் வட்டாரத்து முஸ்லிம்கள் பலர் ஒரு காலத்தில் சைகோனில் கடை வைத்துச் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அந்நகரின் நடுவில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1975இல் அங்கே ஆட்சி மாறியதும் கடைகளையும் சரக்குகளையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியோர் பலர். அரபு நாடுகளுக்குப் பயணமானோர் நிலை என்ன? 2 ஆகஸ்ட் 1990 அன்று குவைத்துக்குள் ஈராக்கியப் படை புகுந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டார்கள். 2011இல் சவூதி அரசு 'நிதாகத்' என்னும் விதியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நிறுவனத்திலும் சொந்த நாட்டாருக்கு இத்தனை இடம் என்று வகுத்தது. அதனால் 2013இல் வேலையிழந்து திரும்பியோர் மிகப் பலர். 2020இல் கொரோனா நோய்த் தொற்று வந்தபோதும் அதே காட்சியைக் கண்டோம்.

வெளிநாடு வேண்டாம், உள்ளூர் மில்லே நிரந்தரம் என்று இருந்தோர்க்கும் சோதனை வந்தது. புதுச்சேரியில் 1898இல் தொடங்கி, மக்கள் வாயில் 'ரோடியர் மில்' என்று வழங்கிய ஏ.எஃப்.டி. ஆலை மூன்று தலைமுறைக்குச் சோறு போட்டது. அந்த ஆலையின் சங்கு ஊதினால்தான் ஊருக்கே நேரம் தெரியும் என்பார்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் அடித்த தானே புயலில் அது பெருஞ்சேதம் அடைந்தது. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

இதையெல்லாம் உங்களைக் கலங்கடிக்கச் சொல்லவில்லை. ஓர் உண்மையை மனத்தில் ஆழப் பதிக்கவே சொல்கிறேன். கடலும் மாறியது, ஆலையும் மாறியது, அயல்நாடும் மாறியது. மாறாதவன் அர்ரஸ்ஸாக் ஆகிய அல்லாஹ் ஒருவனே. பூமியில் ஊர்ந்து திரியும் உயிரினம் எதுவாயினும் அதற்கு உணவளிக்கும் பொறுப்பு அல்லாஹ்விடமே இருக்கிறது என்று திருக்குர்ஆன் ஸூரா ஹூதில் அறிவிக்கிறது. அந்தப் பொறுப்பை அவன் எந்த ஆலைக்கும், எந்தக் கம்பெனிக்கும், எந்த முதலாளிக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை. வேலை என்பது இரணம் வரும் வாய்க்கால். வாய்க்காலை ஊற்றென்று எண்ணுபவர்தான், அது வற்றும்போது தாமும் வற்றிப் போகிறார்.

ஆனால் இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. வாய்க்கால் வெட்டுவது நம் வேலை. நீங்கள் அல்லாஹ்வின் மீது வைக்க வேண்டிய முறைப்படி தவக்குல் வைத்தால் பறவைகளுக்கு அளிப்பதுபோல் உங்களுக்கும் அளிப்பான். அவை காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியருளியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருப்பதாக அவர்கள் சொல்லவில்லை, புறப்படுகிறது என்றார்கள். அதே சமயம், அது நாளைக்கு இரை கிடைக்குமோ என்று இரவெல்லாம் விழித்திருப்பதாகவும் சொல்லவில்லை.

நம்மைத் தடுமாறச் செய்பவை இரண்டு: ஒன்று பயம், மற்றொன்று பேராசை. பயம் கொண்டவர், தமக்கு அநீதி நடக்கும் இடத்திலும் அசையாமல் கிடக்கிறார். பேராசை கொண்டவர், பக்கத்து வீட்டார் மாடி கட்டியதைப் பார்த்து, நன்றாக இருக்கும் வேலையை உதறிவிட்டுப் பாய்கிறார். இருவருமே தம் செயலுக்குத் தவக்குல் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். தவக்குல் இந்த இரண்டுக்கும் திரை அல்ல.

இங்கே ஹளரத் உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நமக்கு விளக்காக அமைகிறது. ஸஹீஹ் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருப்பது அது. கலீஃபா அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படையினருடன் புறப்பட்டு, ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களும் பிறரும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தெரிவித்தார்கள். போவதா, திரும்புவதா? அமீருல் முஃமினீன் அவர்கள் தாமாக ஒரு முடிவும் சொல்லவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்கள் கருத்து இரண்டாகப் பிரிந்தது. பிறகு அன்ஸார்களை அழைத்தார்கள். அவர்களும் அப்படியே. அதன் பின் மக்கா வெற்றியின் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில், மக்களைத் திருப்பி அழைத்துச் செல்லுங்கள் என்றார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுநாள் காலையில் திரும்புவதாக அறிவித்தார்கள்.

அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு உமர் (ரலி) அவர்கள் தந்த பதிலின் சாரம் இது: ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியை விட்டு அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே போகிறோம். உம்மிடம் ஒட்டகங்கள் இருந்து, இரண்டு சரிவுகள் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் நீர் இறங்கினால், ஒரு பக்கம் பசுமையாகவும் மறு பக்கம் வறண்டும் இருந்தால், பசுமையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படியே மேய்ப்பீர். வறண்டதில் மேய்த்தாலும் அவன் விதிப்படியே மேய்ப்பீர் அல்லவா?

சற்று நேரத்தில் வேறொரு வேலையாகப் போயிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்குப் பயந்து வெளியேறாதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

சகோதரர்களே! பிழைப்பு தேடும் நமக்கு இதில் எத்தனை பாடங்கள்! இருப்பதும் விதி, போவதும் விதி. எனவே 'போனால் தவக்குல் இல்லை' என்பதும் தவறு. 'இருந்தால் முயற்சி இல்லை' என்பதும் தவறு. எந்தச் சரிவில் பசுமை இருக்கிறது என்று கண்ணைத் திறந்து பார்க்கும் கடமையை மட்டும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறான். அந்தக் கடமையை நிறைவேற்றும் முறையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, ஹலாலா ஹராமா என்று பார்ப்பது. இதற்கு முன் சம்பளத்தைக் கேட்பதே கூடாது. நம் பகுதியில் இது ஏட்டுப் பேச்சல்ல. கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் தாண்டி வடக்கே சாலையின் இரு மருங்கும் விடுதிகள் பெருகிவிட்டன. எல்லை தாண்டினால் புதுச்சேரியில் மதுக்கடைகள். ஒரு சகோதரர் துணிக்கடையில் பதினைந்தாயிரம் வாங்குகிறார். மது பரிமாறும் விடுதியில் இருபத்தைந்தாயிரம் தருகிறேன் என்கிறார்கள். குடிப்பவரை மட்டுமல்ல, மதுவைப் பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸ் வந்திருக்கிறது. சபிக்கப்பட்ட கையால் கொண்டுவரும் பத்தாயிரம் அதிகச் சம்பளம் அந்த வீட்டுக்குப் பரக்கத்தையா கொண்டுவரும்? ஏற்கெனவே அப்படிப்பட்ட வேலையில் சிக்கி, பிள்ளை குட்டிகளோடு தத்தளிப்பவர் மனமுடைந்து போக வேண்டாம். இன்றே வேறு வேலை தேடும் நிய்யத்தை உறுதியாக வைக்கட்டும். தம் நிலையை ஊர் ஆலிமிடம் மறைக்காமல் சொல்லி வழி கேட்கட்டும். அல்லாஹ்வை அஞ்சி நடப்பவருக்கு அவன் ஒரு போக்கிடத்தை உண்டாக்கி, அவர் நினைத்திராத புறத்திலிருந்து இரணமளிப்பான் என்பது ஸூரா தலாக்கில் வந்துள்ள வாக்கு. இவரைப் போன்றோர்க்கு அது பெரும் ஆறுதல்.

இரண்டாவது, இருக்கும் வழி உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று பார்ப்பது. நாஃபிஉ என்னும் வியாபாரி ஷாமுக்கும் மிஸ்ருக்கும் சரக்கு அனுப்பி வந்தார். பிறகு இராக்குக்கு அனுப்ப எண்ணி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து சொன்னார். அன்னையார் அவரைத் தடுத்து, ஒருவருக்கு ஒரு வழியில் அல்லாஹ் இரணத்தை ஏற்படுத்தியிருந்தால் அது மாறும்வரை அல்லது கெடும்வரை அதை விட வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக எடுத்துரைத்தார்கள் என இப்னு மாஜாவில் வருகிறது. இதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் கருத்து. ஆகவே இதைச் சட்டமாகக் கொள்ளாவிட்டாலும், அனுபவசாலி ஒருவரின் நல்லுரையாக ஏற்கத் தடையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வாய்க்காலைக் காரணமின்றி அடைக்காதே என்பதே அதன் கருத்து.

வழி கெட்டதற்கு அடையாளங்கள் உண்டு. சம்பளம் மாதக் கணக்கில் நிற்கிறது. சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதியை முதலாளி கட்டவில்லை. வேலை குறைந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு பிரிவாக மூடுகிறார்கள். தொழவும் ஜும்ஆவுக்குப் போகவும் இடம் தர மறுக்கிறார்கள். உடல் அந்த வேலையைத் தாங்கவில்லை. இவை காரணங்கள். மேலாளர் ஒருநாள் கடிந்து பேசியதும், வகுப்புத் தோழன் வாங்கிய புது வண்டியும், கல்யாண வீட்டில் மைத்துனர் சொன்ன ஒரு சொல்லும் காரணங்கள் ஆகா. கோபத்திலும் வெட்கத்திலும் எழுதும் ராஜினாமாக் கடிதத்தை மூன்று நாள் பெட்டியில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது மஷ்வரா. கலந்தாலோசியுங்கள் என்று தன் திருத்தூதருக்கே அல்லாஹ் கட்டளையிட்டான். அவ்வாறு ஆலோசித்து உறுதி கொண்ட பின்னர் அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்பது ஸூரா ஆல இம்ரானில் காணும் வரிசை. ஆலோசனை முதலில், உறுதி அடுத்து, அதன் பிறகே தவக்குல். உமர் (ரலி) அவர்கள் மூன்று கூட்டத்தாரிடம் கேட்டார்கள். மூன்றாவது கூட்டம் வயது முதிர்ந்தோர் கூட்டம். நாம் யாரிடம் கேட்கிறோம்? விசா விற்கும் ஏஜெண்டிடம் கேட்கிறோம். வாங்க வந்தவனிடம் விற்பவன் குறை சொல்வானா? அந்தக் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பியவரைத் தேடிப் பிடியுங்கள். அந்தத் தொழிலில் இருபது ஆண்டு இருந்தவரைக் கேளுங்கள். நமக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற நிலையில் உள்ள நல்லவரைக் கேளுங்கள்.

வீட்டாரையும் கேட்க வேண்டும். வெளியூர் போவது கணவர்தான். ஆனால் பின்னால் தனியாக நின்று பிள்ளைகளை வளர்ப்பதும், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், கடன்காரருக்குப் பதில் சொல்வதும் மனைவிதானே! ஹிராக் குகையிலிருந்து நடுங்கியபடி வீடு வந்த நாயகம் (ஸல்) அவர்களைத் தேற்றியது அன்னை கதீஜா (ரலி) அவர்களின் நல்வார்த்தை. மனைவியின் வாயிலிருந்து வரும் அத்தகைய வார்த்தையை, 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிடும் சகோதரர்கள் தம் வீட்டிலேயே உள்ள பெரும் பாக்கியத்தை இழக்கிறார்கள்.

நான்காவது கணக்கு. தவக்குலுக்குக் கணக்கு எதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் நபி. ஆயினும் மிஸ்ரு நாட்டு மன்னருக்குச் சொன்னது கணக்குத்தான். ஏழாண்டு வழக்கம்போல் பயிரிட்டு, உண்பதற்குப் போக மிச்சத்தைக் கதிரிலேயே விட்டு வையுங்கள். பின்வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கு அது உதவும் என்றார்கள். வேலையை மாற்ற நினைப்பவர் கையில் இரண்டு மூன்று மாத வீட்டுச் செலவாவது கதிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன். உள்ளூரில் ஒருவர் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு மாதம் 18,000 ரூபாய் கொண்டுவருகிறார். அயல்நாட்டில் 40,000 ரூபாய் என்றதும் புறப்படுகிறார். விசாவுக்கென்று இரண்டு லட்சம் கடன், நூற்றுக்கு இரண்டு வட்டி. அங்கே அறைக்கும் சாப்பாட்டுக்கும் 12,000 போனால் மீதி 28,000. வட்டிக்கு 4,000 போனால் 24,000. அசலை இருபது மாதத்தில் அடைக்க மாதம் 10,000 எடுத்து வைத்தால் வீட்டுக்கு வருவது 14,000. ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் மனைவி மக்களைப் பிரிந்திருந்து, ஊரில் சம்பாதித்ததைவிடக் குறைவாக அனுப்புகிறார்! இதற்கிடையில் வேலை போய்விட்டால் என்ன கதி? இது பணக் கணக்கு மட்டும். வட்டி கொடுத்த பாவக் கணக்கு தனியே இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் துஆக்களில் கடன் சுமையை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிவந்ததை நினைத்துப் பாருங்கள்.

அயல்நாடு போகத்தான் வேண்டும் என்றால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவரே ஆள் அனுப்பலாம். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். தமிழக அரசே 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை அமைத்திருக்கிறது. 'சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்பவரின் பேச்சைக் கேட்டுப் போனவர்கள் பட்ட பாடு ஊருக்கு ஊர் தெரியும். வீட்டுப் பத்திரத்தையும் உம்மாவின் நகையையும் அடகு வைத்து ஒரு வாய்ச்சொல்லின் மேல் பயணம் போவது தவக்குல் ஆகாது.

உள்ளூரில் மாறுபவரும் கணக்குப் பார்க்கட்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்தாண்டு தொடர் சேவை நிறைந்தால் பணிக்கொடை பெறும் உரிமை வருகிறது. நான்கரை ஆண்டில் அவசரப்பட்டு வெளியேறுபவர் ஆறு மாதப் பொறுமையால் கிடைக்கக்கூடியதைத் தாமே உதறுகிறார். வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இவை சிறிய செய்திகள்தாம். ஆனால் பெண்பிள்ளையின் நிக்காஹ் வேளையில் இவை பெரிதாகிவிடும்.

ஐந்தாவது இஸ்திகாரா. குர்ஆனின் ஒரு ஸூராவைக் கற்பிப்பதுபோல் நாயகம் (ஸல்) அவர்கள் எங்களுக்கு எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாராவைக் கற்பித்து வந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. ஃபர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, அந்த துஆவை ஓத வேண்டும். அதன் பொருளைக் கவனியுங்கள். யா அல்லாஹ், நீ அறிகிறாய், நான் அறியேன் என்று தன் இயலாமையை அடியான் ஒப்புக்கொள்கிறான். இந்தக் காரியம் என் தீனுக்கும், என் வாழ்க்கைப்பாட்டுக்கும், என் இறுதி முடிவுக்கும் நல்லதானால் எனக்கு விதித்து எளிதாக்கு. தீயதானால் அதை என்னை விட்டும், என்னை அதை விட்டும் திருப்பிவிடு. நன்மை எங்கிருந்தாலும் அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்தியுறச் செய் என்று கேட்கிறான். வாழ்க்கைப்பாட்டை இரண்டாவதாகவே வைத்தார்கள். தீனை முதலில் வைத்தார்கள். நாமோ சம்பளத்தை முதலில் வைத்து, தீனைக் கடைசியில்கூட வைப்பதில்லை.

இஸ்திகாரா பற்றிச் சில தவறான எண்ணங்கள் நம்மிடையே உள்ளன. கனவு வர வேண்டும், வெள்ளை தெரிய வேண்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஹதீஸில் கனவைப் பற்றிய பேச்சே இல்லை. பணம் கொடுத்து வேறொருவரை இஸ்திகாரா பார்த்துச் சொல்லச் சொல்பவர்களும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களோ, காரியத்தை நாடுபவரே தொழுது துஆச் செய்யட்டும் என்றுதான் கற்பித்தார்கள். ஆலோசனையும் கணக்கும் ஒன்றுமில்லாமல் இஸ்திகாராவோடு நிறுத்துபவர்களும் உண்டு. இஸ்திகாராவுக்கு முன் நம்பிக்கைக்குரிய அறிவாளிகளிடம் ஆலோசிப்பது விரும்பத்தக்கது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். தொழுத பின் காரியத்தில் இறங்குங்கள். கதவு எளிதாகத் திறந்தால் போங்கள். வழியெல்லாம் அடைபட்டால், அது நீங்கள் கேட்ட துஆவின் பதிலாகவே இருக்கலாம்.

ஆறாவது, பழைய இடத்திலிருந்து பிரியும் முறை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது ஸூரா மாயிதாவின் தொடக்கத்திலேயே முஃமின்களுக்கு இடப்பட்ட கட்டளை. ஒரு மாத முன்னறிவிப்புத் தருவதாகக் கையெழுத்திட்டிருந்தால் அதைத் தந்தே தீர வேண்டும். சம்பளம் வாங்கிய மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுவது, கணக்கை ஒப்படைக்காமல் போவது, முதலாளியின் வாடிக்கைக்காரரை இரகசியமாக இழுத்துச் செல்வது ஆகியவை அமானத்தில் செய்யும் மோசடி. நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைக் கொல்லத் துணிந்த மக்காவாசிகளை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட இரவிலும், தம்மிடம் இருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அநீதி செய்த முதலாளியிடமும் நாம் நேர்மையாகவே பிரிய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

புதிய இடத்தில் சிறிதாகத் தொடங்க வெட்கப்பட வேண்டாம். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் எல்லாவற்றையும் மக்காவில் விட்டுவிட்டு மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்றார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். நாற்பது வயதில் மில் வேலை போய், தள்ளுவண்டியில் பழம் விற்கத் தொடங்கும் சகோதரர் அந்த ஸஹாபியின் வழியில்தான் நிற்கிறார். அவரைக் கண்டு இரக்கப்படுவது போலப் பேசி மனத்தைப் புண்படுத்துவோர் தம் நாவைக் காத்துக்கொள்ளட்டும்.

இங்கே ஜமாஅத்தார்க்கும் ஒரு சொல். ஹளரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீஃபாவான பின்னும் துணியைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி) முதலானோர் அவர்களைத் தடுத்து, அவர்களின் குடும்பத்துக்கு வேண்டியதைப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். தொழிலை மாற்றும் ஒருவரின் குடும்பத்தைத் தாங்குவது சமுதாயத்தின் பொறுப்பு என்பதை அன்றே காட்டிவிட்டார்கள். நம் பள்ளிவாசல்களில் வண்ண விளக்குக்கும் வாசல் வளைவுக்கும் நிதி சேர்கிறது. வேலை இழந்த ஒரு குடும்பஸ்தருக்கு மூன்று மாதம் வட்டியில்லாக் கடன் கொடுக்க ஒரு பெட்டி வைத்தால், எத்தனை பேர் வட்டிக் கடைப் படியேறாமல் தப்புவார்கள்! 'கர்ளன் ஹஸனா' என்று சொல்வதற்கு இனிமையான அந்த அமலைச் செயலுக்குக் கொண்டுவருவது எப்போது?

கடைசியாக, முடிவெடுத்துப் போன பின் நினைத்தது நடக்காவிட்டால்? போன கம்பெனி மூடிவிட்டது. தொடங்கிய கடையில் நஷ்டம். விட்டு வந்த இடத்திலோ எல்லோருக்கும் சம்பளம் ஏறிவிட்டது. அப்போது நெஞ்சில் ஒரு முள் குத்தும்: 'அப்படிச் செய்திருந்தால்...' உனக்குப் பயனளிப்பதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, சோர்ந்துவிடாதே. ஏதேனும் நேர்ந்துவிட்டால் இப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று சொல்லாதே, அந்தச் சொல் ஷைத்தானின் செயலுக்கு வாசலைத் திறந்துவிடும் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கேட்க வேண்டியவரைக் கேட்டு, கணக்குப் பார்த்து, இரண்டு ரக்அத் தொழுது, அமானிதம் பேணிப் புறப்பட்டவருக்குத் தோல்வி என்பது பணத்தில் மட்டுமே. அவர் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைத்தவர். வறண்ட சரிவில் நின்றாலும் அவர் அல்லாஹ்வின் விதிக்குள்ளேயே நிற்கிறார். அங்கிருந்து மீண்டும் பசுமையைத் தேடிப் புறப்பட அவருக்கு அனுமதியும் உண்டு.

இன்னும் இடம் மாறாமல் இருக்கும் வேலையிலேயே தொடரத் தீர்மானித்த சகோதரர்களும் மனம் குன்ற வேண்டாம். ஆராய்ந்து இருப்பதும் ஒரு முடிவே. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்ற இறைவன், அவனை அதிகம் நினைவுகூரவும் சொல்லியிருக்கிறான். நாளை காலை சாவியை எடுத்துப் பழைய கடையைத் திறந்தாலும், பெட்டியை எடுத்துப் புதிய ஊருக்குப் பயணமானாலும், நாவில் பிஸ்மில்லாஹ் இருக்கட்டும். கையில் ஹலால் இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் இரணத்தை ஹலாலாகவும் விசாலமாகவும் ஆக்குவாயாக! உன் ஹலாலைக் கொண்டு உன் ஹராமை விட்டும் எங்களைத் தேவையற்றவர்களாக்குவாயாக! கடனில் தவிப்போரின் கடனை அடைப்பாயாக! வேலை இழந்தோர்க்கு அதைவிடச் சிறந்ததைத் தருவாயாக! அயல்நாட்டில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளை ஈமானோடும் உடல்நலத்தோடும் காப்பாயாக! இந்தக் கடற்கரையையும் இதில் வாழும் எல்லா மக்களையும் உன் ரஹ்மத்தால் சூழ்ந்துகொள்வாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.